என்ஜின் உதறல்: மவுண்டிங்கை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கோயம்புத்தூரில் கார் மெக்கானிக்காக இருக்கிறேன். "மவுண்டிங் மூணும் மாத்தியாச்சுங்ணா, இன்னும் உதறுதுங்க" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மவுண்டிங் என்பது என்ஜினை வண்டியின் உடலோடு இணைத்துத் தாங்கும் ரப்பர் தாங்கி. உதறல் என்று ஒரே பேரில் நாம் சொல்வது உண்மையில் நாலைந்து வேறு வேறு அதிர்வுகள். ஒவ்வொன்றையும் அடக்க என்ஜினுக்குள்ளேயோ அதைச் சுற்றியோ தனித்தனிப் பாகம் இருக்கிறது. எந்த அதிர்வு என்று தெரிந்தால் எந்தப் பாகம் கைவிட்டது என்பதும் தெரிந்துவிடும். அது தெரியாமல் பாகம் மாற்றினால் ஸ்பேர் கடைக்காரருக்குத்தான் லாபம்.

முதலில், உதறுவது என்ஜினா சக்கரமா என்று பிரித்துவிடுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, ஐடிலிங்கிலிருந்து (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும் வேகம்) 3500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3500 சுற்று) வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். நின்ற இடத்தில் ஒன்றுமே தெரியாமல், அவிநாசி ரோட்டில் 80-ஐத் தொட்டால் மட்டும், எந்த கியரில் இருந்தாலும் உதறுகிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். வீல் பேலன்சிங், டயர், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் போங்கள். சின்ன காரின் சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 12 முறை சுற்றுகிறது. 800 ஆர்பிஎம்மில் ஐடிலிங் ஆகும் என்ஜின் விநாடிக்கு 13 முறை சுற்றுகிறது. கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், கையை நம்பாதீர்கள்.

கைக்குப் பதில் போனை நம்பலாம். ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பைஃபாக்ஸ் என்ற இலவச செயலி இருக்கிறது. போனுக்குள் இருக்கும் அசைவு உணரியை வைத்து, விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று கோடு போட்டுக் காட்டும். போனின் ரப்பர் உறையைக் கழற்றிவிட்டு, சீட் தண்டவாளத்தின் மேலோ டேஷ்போர்டின் கெட்டியான இடத்திலோ இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டு ஒட்டுங்கள். மடியில் வைத்துப் பார்த்தால் உங்கள் தொடைதான் மவுண்டிங்காக வேலை செய்யும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் சரியான ஆர்பிஎம்மை அதில் பார்த்து, 60-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 800 என்றால் 13.3. ஏசி போட்டால் ஐடிலிங் ஏறும், எண்ணும் மாறும், அதை மறக்க வேண்டாம்.

இப்போது திரையில் எந்த எண்ணில் மேடு எழுகிறது என்று பாருங்கள். 800 ஆர்பிஎம் கணக்கில் சொல்கிறேன். 6, 7 பக்கத்தில் மேடு இருந்தால் ஒரு சிலிண்டர் ஒழுங்காக அடிக்கவில்லை. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எரிகிறது, ஆகவே அதன் குறை பாதி எண்ணில் வெளிப்படும். 13-ல் மேடு இருந்தால் சுற்றுக்கு ஒரு முறை இடிக்கும் ஏதோ ஒன்று: பிளைவீல் (என்ஜினின் பின்முனையில் சுற்றும் கனமான சக்கரம்), கிளட்ச் கவர், முன்புற புல்லி, அல்லது மூன்று சிலிண்டர் என்ஜினின் பிறவிக்குணம். 20-ல் என்றால் மூன்று சிலிண்டரின் எரிதுடிப்பு, 27-ல் என்றால் நான்கு சிலிண்டரின் துடிப்பு. கடைசி இரண்டும் அந்தந்த வகை என்ஜினில் எப்போதும் இருக்கும். அவை சீட் வரைக்கும் பலமாக வந்து சேர்ந்தால்தான் மவுண்டிங் மேல் சந்தேகப்பட வேண்டும். பல போன்கள் விநாடிக்கு 100 தடவைதான் அளக்கும். அந்தப் போனில் 50-க்கு மேல் வரும் எதையும் நம்ப முடியாது. அதனால் இந்தச் சோதனையை ஐடிலிங்கை ஒட்டியே செய்யுங்கள்.

இப்படி ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியாமல் மிஸ் அடிக்கும் என்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளக், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்ற வரிசையில் பார்த்துச் சரி செய்யுங்கள். அதைச் சரி செய்யாமல் கீழே வரும் எதையும் தொடாதீர்கள். மூன்று காலில் நிற்கும் என்ஜினை எந்த மவுண்டிங்காலும் அமைதிப்படுத்த முடியாது.

மவுண்டிங்

1931-க்கு முன் பெரும்பாலான கார்களில் என்ஜினை சட்டத்தில் கிட்டத்தட்ட நேராகவே போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அந்த ஆண்டு கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. என்ஜின் தானாக எந்த அச்சில் புரள நினைக்கிறதோ, அதே அச்சில் முன்னால் உயரத்தில் ஒன்றும் பின்னால் தாழ்வாக ஒன்றுமாக இரண்டு ரப்பர் தாங்கிகள். புரட்டல் அளவுக்கு மீறிப் போகாமல் பிடிக்க ஒரு பட்டைச் சுருள். நான்கு சிலிண்டர் கார் எட்டு சிலிண்டர் கார் போல ஓடுகிறது என்று விளம்பரம் செய்தார்கள். பிரான்சின் சித்ரோயன் அதற்கு உரிமம் வாங்கி, காரின் முகப்பில் அன்னப்பறவை முத்திரை போட்டு விற்றது. உங்கள் காரில் என்ஜின் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, கீழே எலும்பு வடிவில் ஒரு டார்க் ராட் என்று மூன்று இருக்கிறதே, அதுவும் இதே யோசனையின் பேரப்பிள்ளைதான். இரண்டு தாங்கும், மூன்றாவது புரளாமல் பிடிக்கும்.

ரப்பர் மேல் உட்கார்ந்த என்ஜினுக்கு ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. அதை ஐடிலிங் துடிப்பை விட நன்றாகக் கீழே வைத்தால்தான் அதிர்வு பாடிக்குப் போகாது. ஸ்டார்ட் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் வண்டி ஒரு குலுக்கு குலுக்குவது, என்ஜின் அந்த வேகத்தைக் கடந்து போவதால்தான். அது லேசாக இருந்தால் கவலை வேண்டாம். ரப்பர் வயதாகிக் கெட்டியானால் அந்த ஆட்ட வேகம் மேலே ஏறி ஐடிலிங் துடிப்பை நெருங்கிவிடும். அப்போதுதான் சிக்னலில் நிற்கும்போது கண்ணாடி நடுங்க ஆரம்பிக்கும். "நல்லா ஸ்ட்ராங்கா ஒரு மவுண்டிங் போட்டுக் குடுங்ணா" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கெட்டியான மவுண்டிங் என்றால் கெட்டியான உதறல். மலிவு விலையில் வரும் திட ரப்பர் மவுண்டிங் கம்பெனி மவுண்டிங்கின் போல்ட் துளையில் அச்சாகப் பொருந்தும். ஆனால் பல கார்களில் கம்பெனி மவுண்டிங்குக்குள் திரவம் இருந்திருக்கும். இரண்டு அறைகள், நடுவில் ஒரு குறுகிய பாதை, அதில் போய் வரும் கிளைக்கால் கலவை. பெரிய குலுக்கலின்போது அந்தத் திரவம் ஆற்றலைத் தின்னும், சின்ன அதிர்வின்போது ஒதுங்கிக்கொள்ளும். திட ரப்பரால் இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ய முடியாது.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், பானெட்டைத் திறந்து வண்டிக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். முன்னால் நிற்கவே கூடாது. உள்ளே இருப்பவர் பிரேக்கை அழுத்தமாக மிதித்தபடி, முதல் கியரில் கிளட்சை வண்டி நகரப் பார்க்கும் அளவுக்கு மட்டும் விட்டுப் பிடிக்க வேண்டும். பிறகு ரிவர்சில் அதே மாதிரி. ஆட்டோமேட்டிக் என்றால் டி, ஆர் மாற்றினால் போதும். என்ஜின் கொஞ்சம் சாய்வது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு எழுந்து 'டொக்' என்று உட்கார்ந்தால் அந்தப் பக்கத்து மவுண்டிங் போயிற்று. திரவ மவுண்டிங்கின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் திரவம் வெளியே வந்துவிட்டது என்று பொருள், மேலே ரப்பர் புதிது போல இருந்தாலும் சரி.

மாற்றும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆயில் சம்ப்புக்கு அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கியால் என்ஜினின் எடையை மட்டும் தாங்குங்கள், தூக்கிவிடாதீர்கள். புது மவுண்டிங்கைப் பொருத்தி எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் முடுக்குங்கள். ஜாக்கியை இறக்கி, என்ஜினைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, தன் எடையில் தானாக உட்கார விடுங்கள். அதற்குப் பிறகு தாங்கும் இரண்டையும் டார்க் ரெஞ்சில் முடுக்கி, டார்க் ராடைக் கடைசியாக முடுக்குங்கள். டார்க் ராடை முதலில் முடுக்கினால் அதன் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும். புது மவுண்டிங் போட்டும் உதறுகிறது என்று வரும் வண்டியில், எல்லா போல்ட்டையும் தளர்த்தி இந்த வரிசையில் மறுபடி முடுக்கிப் பாருங்கள். சிலவற்றில் வேலை அதோடு முடிந்துவிடும், புது செலவே இருக்காது.

3000-த்தில் ரீங்காரம்: பேலன்சர் ஷாஃப்ட்

ஐடிலிங்கில் அமைதியாக இருந்துவிட்டு 2500, 3000-க்கு மேல் கால் பதிக்கும் இடத்தில் எறும்பு ஊர்வது போல் அதிர்கிறதா? இது மவுண்டிங் விஷயம் இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். பிஸ்டன் ஏறி இறங்குவதால் வரும் விசை, வேகத்தின் இருமடிப்படி வளரும். 800-லிருந்து 3200-க்குப் போனால் வேகம் நாலு மடங்கு, விசை 16 மடங்கு.

நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வருகிறதே, எல்லாம் சரிக்குச் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகாது. 80 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), பிஸ்டனைச் சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் 140 மில்லிமீட்டர் கனெக்டிங் ராட் உள்ள ஒரு என்ஜினைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராங்க் உச்சியிலிருந்து கால் சுற்று சுற்றியதும் பிஸ்டன் 40 மில்லிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும் என்று தோன்றும். ராட் சாய்வதால் அது கிட்டத்தட்ட 46 இறங்கியிருக்கும். அடுத்த கால் சுற்றுக்கு 34 மட்டும்தான் மிச்சம். மேலிருந்து வரும் ஜோடியும் கீழிருந்து போகும் ஜோடியும் ஒரே வேகத்தில் இல்லை. அந்த வித்தியாசம் சுற்றுக்கு இரண்டு தடவை என்ஜினை மேலும் கீழும் உலுக்கும்.

இதற்கு வழி கண்டவர் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. ஒரு பக்கம் எடை கனத்த இரண்டு தண்டுகளை கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில், எதிரெதிர்த் திசையில் சுற்ற விட்டார். இவைதான் பேலன்சர் ஷாஃப்ட். பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மேல்கீழ் விசை மட்டும் மிஞ்சி, பிஸ்டன்களின் உலுக்கலுக்கு நேர் எதிராக நிற்கும். வெகுகாலம் கழித்து மிட்சுபிஷி 1975-ல் அதன் அஸ்ட்ரான் 80 என்ஜினில் இந்தத் தண்டுகளை ஒன்று உயரத்திலும் ஒன்று தாழ்விலுமாக வைத்தது. அதனால் மேல்கீழ் உலுக்கலோடு புரட்டலையும் கொஞ்சம் அடக்க முடிந்தது. 'சைலன்ட் ஷாஃப்ட்' என்று அதற்குப் பெயர். போர்ஷேவே 944 காரின் 2.5 லிட்டர் என்ஜினுக்காக மிட்சுபிஷிக்கு உரிமத்தொகை கட்டியது.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட்டின் 2.5 லிட்டர் 4டி56 டீசல் என்ஜினில் இந்தத் தண்டுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்ற, வால்வுகளை இயக்கும் பெரிய டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு சின்ன பெல்ட். பஜேரோ வைத்திருப்பவர்கள் செலவு மிச்சம் என்று பெரிய பெல்ட்டை மட்டும் மாற்றச் சொல்வார்கள். நான் சம்மதிப்பதில்லை. சின்ன பெல்ட் அறுந்தால் அதன் துண்டு பெரிய பெல்ட்டில் சிக்கும், டைமிங் நழுவும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். சிலர் சின்ன பெல்ட்டையே எடுத்துவிட்டு ஓட்டுகிறார்கள். வண்டி ஓடும், மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய அமைதியைக் கழற்றிக் குப்பையில் போடுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. (புல்லட் ரசிகர்கள் வேறு கட்சி, அவர்களோடு வாதம் செய்வதற்கில்லை.)

பெல்ட் மாற்றியதிலிருந்து ரீங்காரம் வந்தது என்று யாராவது சொன்னால், தண்டின் நிலை தப்பியிருக்கிறது என்று முதலில் நினையுங்கள். மிட்சுபிஷியின் 4ஜி63 பெட்ரோல் என்ஜினில் இது அடிக்கடி நடக்கும். அதில் ஒரு தண்டை ஆயில் பம்ப் வழியாகச் சுற்றுகிறார்கள். ஆயில் பம்ப் ஸ்ப்ராக்கெட்டின் (பல்சக்கரம்) குறிப்புள்ளி சரியாகச் சேர்ந்திருக்கும், உள்ளே தண்டு தலைகீழாக நிற்கும். அதற்காகவே பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு துளையும் அதை அடைக்கும் பிளக்கும் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றி 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்க்ரூடிரைவரை உள்ளே விடுங்கள். 60 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தண்டு சரியான இடத்தில் இருக்கிறது. 20, 25-லேயே முட்டினால் ஸ்ப்ராக்கெட்டை ஒரு முழுச் சுற்று சுற்றிப் புள்ளியைச் சேர்த்து மறுபடி விட்டுப் பாருங்கள். பெல்ட் மாட்டி முடியும் வரை ஸ்க்ரூடிரைவர் அங்கேயே இருக்கட்டும். வேறு என்ஜின் என்றால் அதன் சர்வீஸ் மேனுவலில் இதற்கு ஈடான சோதனை என்ன என்று பார்க்காமல் கவரை மூடாதீர்கள்.

மூன்று சிலிண்டர்க்காரர்களுக்கு

மாருதி 800 தொடங்கி குவிட், டியாகோ வரை நம் தெருவில் மூன்று சிலிண்டர் ஏராளம். இதில் மேல்கீழ் உலுக்கல் தானாகவே சரியாகிவிடும். ஆனால் முதல் சிலிண்டரும் மூன்றாவதும் இரண்டு முனையில் இருப்பதால், என்ஜின் முன்னுக்கும் பின்னுக்கும் தலையாட்டும், சுற்றுக்கு ஒரு முறை. அடக்க வேண்டுமென்றால் கிராங்கின் வேகத்திலேயே எதிர்த்திசையில் சுற்றும் ஒரு தண்டு போதும். அதுகூட இல்லாமல் மவுண்டிங்கை நம்பியே பல கார்கள் வருகின்றன. இரண்டே சிலிண்டர் உள்ள 624 சிசி நானோவுக்கு டாடா ஒரு பேலன்சர் ஷாஃப்ட் வைத்திருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட், சில காலம் நம் ஈகோஸ்போர்ட்டில் வந்ததே, அதில் வேறு ஒரு தந்திரம். தண்டே இல்லை. பிளைவீலையும் முன்புற புல்லியையும் வேண்டுமென்றே எடை சமமில்லாமல் செய்து, தலையாட்டலை மவுண்டிங் எளிதாகத் தாங்கும் திசைக்குத் திருப்பிவிட்டார்கள். இந்த மாதிரி என்ஜினின் பிளைவீலை லேத் பட்டறைக்கு அனுப்பினால், "எடை ஒரு பக்கம் இழுக்குது" என்று நல்லெண்ணத்தோடு துளை போட்டுச் சமப்படுத்திக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வண்டி உதறுகிற உதறலை எந்த மவுண்டிங்காலும் நிறுத்த முடியாது. பிளைவீலைக் கழற்றும் முன் கிராங்குக்கும் அதற்கும் சேர்த்து ஒரு குறி போடுங்கள். பேலன்சிங்குக்கு அனுப்பும் முன் அது சமமாக இருக்க வேண்டிய பிளைவீல்தானா என்று விசாரியுங்கள்.

டூயல் மாஸ் பிளைவீல்

டீசல் கார்களிலும் சில டர்போ பெட்ரோல் கார்களிலும் பிளைவீல் இரண்டு தட்டாக இருக்கும். நடுவில் கிரீசில் ஊறிய வளைந்த ஸ்பிரிங்குகள். ஜெர்மனியின் லூக் நிறுவனம் 1985-ல் இதை வரிசை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. என்ஜினின் ஒவ்வொரு எரிதுடிப்பும் கியர்பாக்சைத் தட்டாமல் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். ஆஃப் செய்யும்போது 'கடகட' என்ற சத்தம், ஐடிலிங்கில் கேட்கும் சலசலப்பு கிளட்சை மிதித்தால் மாறுவது, இவைதான் அறிகுறி. கியர்பாக்சை இறக்கிய பின் கிராங்கைப் பூட்டி, வெளித்தட்டைக் கையால் இரண்டு பக்கமும் சுற்றி, ஸ்பிரிங் பிடிக்கும் வரை எத்தனை பாகை தளர்வாகப் போகிறது என்று அளந்து, கம்பெனி சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். பேட்டரி சோர்ந்த வண்டியில் இது சீக்கிரம் போகும். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுவதால், பிளைவீல் தனக்கு ஆகாத வேகத்திலேயே நெடுநேரம் தவிக்கிறது. ஒற்றைத் தட்டு பிளைவீலாக மாற்றிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: மாற்றலாம், கியர்பாக்ஸ் சத்தத்தோடு வாழத் தயார் என்றால்.

கையில் தெரியாத அதிர்வு

கடைசியாக, இருப்பதிலேயே ஆபத்தானது. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் தண்டு ஒரு பாகையில் சிறு பங்கு முறுக்கிக்கொண்டு திரும்பும். எரிதுடிப்பின் வேகம் கிராங்கின் இயல்பான முறுக்கு வேகத்தோடு ஒத்துப்போனால் அந்த முறுக்கல் பெருகும், தண்டு களைத்து உடையும். வெளியே சீட்டில் உட்கார்ந்தவருக்கு ஒன்றுமே தெரியாது. கிராங்க் நீளமாக ஆக இது மோசம். 1906 வாக்கில் ரோல்ஸ் ராய்ஸின் ஆறு சிலிண்டர் கார் இதனால் பாடுபட்டது. ராய்ஸும் லான்செஸ்டரும் ஆளுக்கொரு வழியில் கிராங்கின் முன்முனையில் வைக்கும் அடக்கியைக் கண்டுபிடித்தார்கள். முன்முனையில் வைக்கக் காரணம், முறுக்கல் அங்கேதான் அதிகம்.

இன்று அது உங்கள் கிராங்க் புல்லிக்குள்ளேயே இருக்கிறது. நடுவில் இரும்புக் குடம், சுற்றி ரப்பர், அதற்கு வெளியே கனமான வளையம். வளையம் தன் எடையால் முறுக்கலோடு போக மறுக்கும், நடுவில் மாட்டிய ரப்பர் அந்த ஆற்றலைச் சூடாக மாற்றி வெளியேற்றும். ஆகவே எடை குறைவான அலுமினிய புல்லி போட்டால் பிக்கப் கூடும் என்று யாராவது ஆசை காட்டினால், கழற்றும் புல்லியில் இந்த ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எடுக்கவே எடுக்காதீர்கள்.

சோதனை சுலபம். என்ஜினை ஆஃப் செய்து, டார்ச் அடித்து ரப்பரைப் பாருங்கள். வெடிப்பு, பிதுங்கல், ஒரு பக்கம் வெளியே தள்ளி நிற்பது, ஏசி பெல்ட் புல்லியின் ஓரத்துக்கு ஏறுவது, இதில் எது இருந்தாலும் புல்லியை மாற்றுங்கள். சுத்தியலால் தட்டி ஏற்ற வேண்டாம், வெளி வளையத்தில் புல்லர் மாட்டி இழுக்கவும் வேண்டாம், ரப்பர் பிரிந்துவிடும். புல்லி போல்ட் ஒரு முறை மட்டுமே பயன்படுத்தும் வகை என்று மேனுவல் சொன்னால் புதிதையே போடுங்கள். புது புல்லி மாட்டியதும் குடத்திலிருந்து வளையம் வரை வெள்ளை பெயின்ட் மார்க்கரால் குறுக்கே ஒரு நேர்கோடு போட்டுவிடுங்கள். அடுத்த ஆயில் சர்வீசில் வண்டியைத் தூக்கும்போது அந்தக் கோடு உடைந்து இரண்டு துண்டும் விலகி நின்றால், வளையம் ரப்பரின் மேல் வழுக்கிவிட்டது, அந்தப் புல்லியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.